வளையம் இல்லாத மருந்து

மேகங்கள் ஒரு ஜன்னல் வழியாக உள்ளே வந்து, மேஜை நாற்காலிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்னொரு ஜன்னல் வழியாக வெளியே போகும் மலையூர் அது. அங்கே ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. அதில் மெஹருன்னிசா என்பவர் மருந்துகளை எடை போட்டுக்கொண்டிருந்தார்.

காயல்பட்டினத்துக்காரர். நாற்பது வயது ஆகவில்லை. பேச்சு குறைவு. அவரிடம் தொழில் கற்றுக்கொள்ள எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள்.

ஓர் ஆவணி மாதம் ஞானசிகாமணி வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. சென்னையில் ஒரு மருந்துக் கம்பெனியில் புதிய மருந்துகளை உருவாக்கிப் பார்க்கும் வேலை. நாகர்கோவில் பக்கம் பிறந்தவர் என்பதால், சொல்லித்தருகிற பெண் எத்தனை சின்னவராக இருந்தாலும் அவருக்கு டீச்சர்தான்.

“டீச்சர், படிக்க வந்திருக்கேன்.”

மெஹருன்னிசா சிரித்துவிட்டார். “என்ன படிக்கணும் சார்?”

“நான் செஞ்ச மருந்து உடம்புக்குள்ள போய் என்ன செய்யுதுன்னு.”

“சரி. உடம்பு உங்க மருந்தை என்ன செய்யுதுன்னு பாக்க வேண்டாமா?”

அவருக்கு அது தெரியாத விஷயம் இல்லை. ஆனால் அப்படி யாரும் அவரை நேராகக் கேட்டதில்லை. ஈரக் குடையை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

அறையின் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு கருவி நின்றது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்று பெயர். அங்கே எல்லோருக்கும் அது வெறும் மாஸ். அதன் வாயில் ஒரு சொட்டு விட்டால் பனியாகச் சிதறும். சிதறிய துகள்கள் மின்சாரம் ஏறி, காற்றே இல்லாத ஒரு குழாய்க்குள் பறக்கும். லேசானது முந்திப் போய்ச் சேரும். கனமானது பின்னால் வரும். எது எப்போது வந்தது என்று பார்த்து, ஒவ்வொன்றின் எடையையும் திரையில் ஒரு கோடாக நட்டுக் காட்டும்.

அதன் பம்புகள் ஓயாமல் முனகிக்கொண்டே இருந்தன. பக்கத்தில் யாரோ அயர்ந்து தூங்குவது போன்ற ஓசை. அந்த ஓசையில் ஞானசிகாமணிக்கு முதல் நாளே கண் சொக்கியது.

அவருடைய மருந்து காசநோய்க்கானது. வழக்கமான மாத்திரைகளுக்கு அடங்காத காசநோய். கம்பெனியில் அதற்கு ஓர் எண் உண்டு. அவர் மட்டும் அதை வளையம் என்று நினைத்துக்கொள்வார்.

அவர் மனைவி எஸ்தர் அந்த நோயில்தான் போனாள். கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருப்பார் ஞானசிகாமணி. ஒரு மத்தியானம் கண்ணயர்ந்தபோது கனவு வந்தது. எஸ்தர் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். உடம்பு நன்றாக இருந்த காலத்து முடி. அதன் நுனியை விரலில் சுற்றி ஒரு வளையம் போட்டாள். அந்த வளையத்துக்குள் இன்னொரு வளையம். பிறகு இரண்டையும் அவரிடம் நீட்டினாள்.

விழித்ததும் மருந்துச்சீட்டின் பின்பக்கம் அதை வரைந்தார். அப்படி ஒரு மூலக்கூறை யாரும் செய்ததில்லை. எஸ்தர் போன பிறகு பல வருடங்கள் உழைத்து அவர் செய்தார். அதைத் தின்ற எலிகளின் நுரையீரலில் நோய் அடங்கியது.

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மெஹருன்னிசாவிடம் ஒரு மழை நாளில், ஏனென்று தெரியாமலேயே, சொல்லிவிட்டார்.

“நல்ல கனவு,” என்றார் மெஹருன்னிசா.

மருந்து தின்ற எலியின் ரத்தம் முதலில் மாஸுக்குள் போனது. எதிர்பார்த்த எடையில் ஒரு கோடு விறுவிறுவென்று எழுந்தது.

“வந்துட்டா!” என்றார் ஞானசிகாமணி. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அடுத்த சொட்டு, கொஞ்சம் தாமதித்து எடுத்தது. கோடு பாதியாகியிருந்தது. அதற்கடுத்ததில் புல் அளவு. பிறகு திரை வெறும் தரையாகக் கிடந்தது.

அவர் மறுபடி ஓட்டினார். இன்னொரு எலி. இன்னொரு நாள். எப்போதும் அதேதான். மருந்து ரத்தத்துக்குள் வந்த கொஞ்ச நேரத்தில் இல்லாமல் போயிற்று. ஆனால் எலிகள் குணமாகிக்கொண்டிருந்தன.

“டீச்சர், மருந்தைக் காணோம். நோய் மட்டும் ஆறிட்டே வருது. அப்ப ஆத்துறது யாரு?”

மெஹருன்னிசா அவர் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார்.

“மாஸ்கிட்ட எதைப் பாக்கச் சொல்லியிருக்கீங்க?”

“என் மருந்தோட எடையை.”

“அதை மட்டுமா?”

“அதை மட்டும்தான். அதானே வேணும்?”

மெஹருன்னிசா குனிந்து, விசைப்பலகையில் எதையோ அழித்தார். ஒரே ஒரு எண். பிறகு அதே சொட்டை மறுபடி உள்ளே விட்டார்.

திரையில் காடு முளைத்தது. குட்டையும் நெட்டையுமாக ஆயிரம் கோடுகள். வெறும் தரை என்று அவர் நினைத்திருந்த இடமெல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

ஞானசிகாமணி நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

“இத்தனையும் இருந்துச்சா?”

“இருந்துச்சு. டீ ஆறுது, குடிங்க.”

அந்தக் காட்டுக்குள் அவர் வாரக்கணக்கில் அலைந்தார். மருந்து தின்னாத எலியின் ரத்தத்தையும் ஓட்டி, இரண்டு காடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். இரண்டிலும் இருக்கிற மரங்கள் எலியினுடையவை. ஒன்றில் மட்டும் இருப்பவை மருந்தினுடையவை. கண்ணை மூடினாலும் கோடுகள் நின்றன. மேகம் உள்ளே வந்து திரையை மூடினால் எழுந்து ஜன்னலைச் சாத்தக்கூடத் தோன்றாது. அது போகும்வரை உட்கார்ந்திருப்பார்.

கடைசியில் இரண்டு கோடுகள் மிஞ்சின. ஒன்று சிறியது. ஒன்று பெரியது. அவற்றின் எடைகளைக் கூட்டினார். தன் மருந்தின் எடை வரும் என்று எதிர்பார்த்தார். பதினெட்டு கூடுதலாக வந்தது.

“இந்தப் பதினெட்டு எங்கிருந்து டீச்சர்?”

“எதோட எடை பதினெட்டு?”

அவர் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. “தண்ணி.”

மெஹருன்னிசா தலையாட்டினார்.

உடம்பு அவருடைய மருந்தின் நடுவில் ஒரு துளித் தண்ணீரை நுழைத்து இரண்டாகப் பிரித்திருந்தது. சத்தமில்லாமல். அத்தனை வருட உழைப்பை ஒரே மணி நேரத்தில்.

சிறிய துண்டு, வளையத்தின் ஓரத்தில் அவர் கோத்திருந்த வால், ஒரு சாதாரணப் பொருள். அவர் வேலை செய்த கூடத்திலேயே, அலமாரியின் கீழ்த்தட்டில், பாட்டிலில் இருக்கும். யாரும் அதை மருந்தென்று நினைத்ததில்லை. அது நுரையீரலில் போய்ச் சேர்ந்து கிருமிகளைக் கொன்றுகொண்டிருந்தது.

பெரிய துண்டு, அவருடைய வளையம். அது கிருமியை ஒன்றும் செய்யவில்லை. அவர் எத்தனை தடவை சோதித்தும் கிருமிகள் அதற்குள் நிம்மதியாகப் பெருகின.

“ஒரு வேலையும் இல்லாமலா உள்ள இருக்கு?” என்று அவர் கேட்டார்.

“எங்க இருக்குன்னு பாத்தீங்களா?”

பார்த்தார். வளையம் சிறுநீரகத்தில் இருந்தது. போன மாதத்து வளையம் போகாமல் இருந்தது. அதன்மேல் இந்த மாதத்து வளையம். சில வாரங்கள் மருந்து தின்ற எலிகளிடம் ஒரு குறையும் தெரியாது. கம்பெனியில் அதுவரை சோதித்தது அவற்றைத்தான். மாதக்கணக்கில் தின்ற எலிகளின் சிறுநீரகத்தை அறுத்துப் பார்த்தபோது அது ஊறவைத்த பழைய துணியாக வெளுத்திருந்தது.

காசநோய்க்கு மாதக்கணக்கில்தான் மருந்து தின்ன வேண்டும்.

அன்றைக்கே சென்னையிலிருந்து கம்பெனி மேலாளர் போன் செய்தார். நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி கிடைத்துவிட்டது. முதல் நோயாளியும் சம்மதித்தாயிற்று.

“வாழ்த்துகள் சிகாமணி. ரத்தத்துல மருந்து எப்படி ஏறி இறங்குதுங்கிற ரிப்போர்ட் மட்டும்தான் பாக்கி. அது ரெடிதானே?”

“ரெடிதான் சார்,” என்றார் ஞானசிகாமணி. பொய் இல்லை. கேட்டது ஒரு கோட்டைப் பற்றி. அந்தக் கோடு ஏறியது, இறங்கியது.

போனை வைத்தார். பிறகு மெஹருன்னிசாவைத் தேடிப் போனார். அவர் பின்கட்டில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவி வெயிலில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு மேகம் இல்லை.

“டீச்சர், சொன்னா நிறுத்திடுவாங்க. வேற ஒண்ணு செய்ய வருஷக்கணக்காகும். அதுவரைக்கும் நோயாளி இருக்கணுமே. சொல்லலேன்னா ஒருவேளை பிழைச்சுக்கலாம். எலி வேற, மனுஷன் வேற. என்ன செய்யட்டும்?”

“அவங்ககிட்டக் கேட்டீங்களா?”

“கம்பெனியிலயா?”

“நோயாளிகிட்ட.”

“யாருன்னே தெரியாது. நம்பர்தான் கொடுப்பாங்க.”

மெஹருன்னிசா இன்னொரு குழாயைக் கழுவிக் கவிழ்த்தார். “பஸ் மத்தியானம் ஒண்ணு இருக்கு,” என்றார்.

அந்த முதல் நோயாளியின் பெயர் சங்கரேஸ்வரி. சாத்தூர்ப் பக்கம். தீப்பெட்டி ஒட்டுகிற வேலை பார்த்தவள். சோதனை நடக்கவிருந்த ஆஸ்பத்திரியின் டாக்டர் ஞானசிகாமணிக்குப் பழக்கமானவர். நடந்ததை அவரிடம் முதலில் சொன்னார். டாக்டர் முகம் மாறி, “நீங்களே வந்து சொல்லுங்க,” என்று வார்டுக்குக் கூட்டிப் போனார்.

கட்டிலில் ஒரு பெண் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கும் அளவுக்குக் கை மெலிந்திருந்தது.

“இந்தப் புது மாத்திரையைச் செஞ்சது இந்த சார்தான்,” என்றார் டாக்டர்.

அவள் முகக்கவசத்துக்கு மேலே கண்கள் விரிந்தன. “நீங்களா? கசக்குமா சார்?”

அவர் அதைத் தின்று பார்த்ததில்லை.

“எப்படி இருக்கும் அது?”

பக்கத்தில் கிடந்த செய்தித்தாளின் ஓரத்தில் அவர் வரைந்தார். வளையம், அதற்குள் வளையம், ஓரத்தில் ஒரு சிறு வால்.

“அட, கோலம் மாதிரி இருக்கே!” என்றாள் சங்கரேஸ்வரி.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். வால் மட்டும்தான் மருந்து. கோலம் உடம்பிலேயே தங்கிவிடுகிறது. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. எலிக்குக் கெடுத்தது, மனிதருக்கும் கெடுக்கலாம். ஆகவே நிறுத்தச் சொல்லப் போகிறேன்.

அவள் செய்தித்தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருமல் வந்தது. அடங்கும்வரை அவர் காத்திருந்தார்.

“எத்தனை நாள் ஆகும் சார் வேற செய்ய?”

“நாள் கணக்கில்லம்மா. ரெண்டு வருஷம். மூணும் ஆகலாம்.”

“மூணு வருஷம்.” அவள் குரல் சட்டென்று உயர்ந்தது. “இப்ப வந்து சொல்றீங்க? அடுத்த வாரம் கொடுப்பாங்கன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட, எங்க அம்மாகிட்ட, எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். எம் புள்ள இப்பத்தான் ஒண்ணாப்பு போறா.”

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். பிறகு செய்தித்தாளை அவர் பக்கம் தள்ளினாள்.

“கோலம் நல்லா இல்லாட்டியும் பரவாயில்ல சார். சீக்கிரம் போடுங்க.”

மலைக்குத் திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் தூங்கிப்போனார். எஸ்தர் கனவில் வந்தாள். முடி இல்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கத்தரித்த தலை. ஏதோ வேலையாகப் போகிறவள்போல் அவரைத் தாண்டி வேகவேகமாக நடந்தாள். கூப்பிட்டார். திரும்பிப் பார்த்து, வா என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு நடந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் காலையில் முழு ரிப்போர்ட்டையும் அனுப்பினார். காடு மொத்தத்தையும். கம்பெனியில் ரகளை நடந்தது. உங்களை யார் அதையெல்லாம் பார்க்கச் சொன்னது என்று மேலாளர் கத்தினார். ஆனால் பார்த்துவிட்டதை யாரும் பார்க்காததாக்க முடியவில்லை. சோதனை நின்றது.

வளையத்தைக் கழற்றிவிட்டு, சிறிய துண்டை மட்டும் எலிகளுக்குக் கொடுத்தார். அது குடலைத் தாண்டவே இல்லை. வந்த வழியே வெளியே போயிற்று. மாஸில் நுரையீரல் வெறுமையாகக் கிடந்தது.

“பாத்தீங்களா டீச்சர்! வளையம் இல்லாம அதால உள்ளயே வர முடியல!” அவர் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. பிள்ளையைப் பற்றிப் பிறத்தியார் நல்ல வார்த்தை சொன்னதுபோல.

“ஆமா சார்.”

“அப்ப வளையம் வேணும்தானே?”

“உள்ள கூட்டிட்டு வர ஆள் வேணும். வந்தா திரும்பிப் போகத் தெரிஞ்ச ஆள்.”

அவர் அடுத்த நாளே வேலையை ஆரம்பித்தார்.

மழைக்காலங்கள் வந்து போயின. சிறிய துண்டோடு எதை எதையோ கோத்துப் பார்த்தார். சில உள்ளே வரவில்லை. சில உள்ளே வந்து பிரியவில்லை. சில பிரிந்தபின் போகவில்லை. ஒவ்வொன்றையும் மாஸ் எடை போட்டுக் காட்டியது. ரத்தத்தில், நுரையீரலில், சிறுநீரில். ஒவ்வொன்றுக்கும் அவர் காடு முழுவதையும் தேடினார். இடையில் ஒருமுறை சாத்தூரிலிருந்து செய்தி வந்தது. நோய்க்குப் போட்டுவந்த பழைய ஊசி மருந்துகளால் சங்கரேஸ்வரிக்கு ஒரு காது கேட்காமல் போய்விட்டதாம். அதைப் படித்த அன்று ஞானசிகாமணி சாப்பிடவில்லை. மெஹருன்னிசா ஒரு தட்டில் இடியாப்பம் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அது அப்படியே ஆறிப்போயிற்று.

கடைசியில் கிடைத்தது பார்க்க ஒன்றும் இல்லாத ஒரு பொருள். குட்டையான நேர்கோடு. வளைவு இல்லை, அழகு இல்லை. எந்தக் கனவிலும் வந்ததில்லை. அது சிறிய துண்டைக் குடலுக்கு அப்பால் கொண்டுவந்து விட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் சிறுநீரில் முழுசாக வெளியேறியது. மாதக்கணக்கில் தின்ற எலிகளின் சிறுநீரகம் ஈரல் நிறத்தில் பளபளவென்று இருந்தது.

மறுபடி அனுமதி, மறுபடி சோதனைகள். முதலில் நல்ல உடம்புக்காரர்கள், பிறகு நோயாளிகள். நோயாளிகளில் முதலாவதாகக் கையெழுத்துப் போட்டவள் சங்கரேஸ்வரி.

அவளுடைய ரத்தம் மலைக்கு வந்த நாளில் நல்ல மேகம். அறைக்குள் எதிரே இருப்பவர் முகம்கூட மங்கலாகத்தான் தெரிந்தது. ஞானசிகாமணி ஒரு சொட்டை விட்டார். பம்புகள் முனகின. சிறிய துண்டின் கோடு எழுந்தது. நேர்கோட்டின் கோடு எழுந்து, அடுத்தடுத்த சொட்டுகளில் தணிந்து, கடைசியில் இல்லாமல் போயிற்று. காட்டுக்குள் புதிதாக வேறு எதுவும் தங்கவில்லை. அவர் ஒருமுறைக்கு இருமுறை தேடினார்.

மாதங்கள் கழித்து ஆஸ்பத்திரி டாக்டர் போன் செய்தார். சளியில் கிருமி இல்லை. போனை வைத்துவிட்டு ஞானசிகாமணி வந்து மெஹருன்னிசாவிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் எழுந்து டீ போட்டார். பிறகு இரண்டு பேரும் டீ குடித்தார்கள்.

டீ முடிந்த பிறகும் ஞானசிகாமணி எழுந்திருக்கவில்லை.

“டீச்சர், ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க சார்.”

“இந்த வேலை முழுக்க நான் எஸ்தருக்காக ஆரம்பிச்சது. அவ கொடுத்ததை வச்சு ஆரம்பிச்சது. இப்ப மருந்து இருக்கு. அதோட ஒவ்வொரு அணுவும் எனக்குத் தெரியும். எது எங்க போகுது, எப்ப வெளிய வருதுன்னு எல்லாம் தெரியும். ஆனா அவ கொடுத்தது ஒரு துளிகூட அதுல இல்ல. எல்லாத்தையும் நானே கழட்டி எறிஞ்சுட்டேன்.” டம்ளரை மேஜைமேல் வைத்தார். “இதுல எஸ்தர் எங்க இருக்கா டீச்சர்?”

மேகம் ஜன்னல் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. மெஹருன்னிசா காலி டம்ளர்களை எடுத்து ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தார்.

“டாக்டர் வேற ஏதாவது சொன்னாரா?”

“வேற ஒண்ணும் இல்ல. பசிக்குதுன்னு சதா எதாவது கேட்டுட்டே இருக்காளாம். வளையல் எல்லாம் இறுக்குதுன்னு சொல்லி உடைச்சுட்டு வேற அளவு வாங்கிப் போட்டிருக்காளாம். ஆறு கிலோ ஏறியிருக்கா.”

“ஆறு கிலோ,” என்றார் மெஹருன்னிசா. “உங்க மருந்து ஒரு மாத்திரையில எவ்வளவு சார் இருக்கு?”

“உளுந்து அளவு.”

“அப்ப அந்த ஆறு கிலோ யாரு?”

பஸ்ஸில் கண்ட கனவில் முன்னால் நடந்துபோன எஸ்தர் ஞானசிகாமணிக்கு நினைவுக்கு வந்தாள். அவர் எழுந்தார்.